பத்து மணிக்குக் கண் மூடும் பீம்

பர்மாவின் லைங் தாயா தொழிற்பேட்டையில் கார்த்திகேசன் முதலாளியின் தையல் ஆலையில் தினமும் காலை பத்து மணி வாக்கில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். கூடவே வாசல் பக்கத்துத் தீ எச்சரிக்கைப் பேனல் கீச்சுக்கீச்சென்று கத்தும். பன்னிரண்டு மணிக்கு மேல் யாரும் கேட்காமலே அடங்கிவிடும். மூன்று வாரமாக இதே கூத்து. சத்யபாமா இந்த மூன்று வாரத்தில் பார்க்காத வைத்தியம் இல்லை.

பெரிய கட்டடங்களில் புகை கண்டுபிடிக்கும் கருவியை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று பார்த்து, வரைந்து, கையெழுத்துப் போடுவது அவள் வேலை. சின்ன அறைக்கென்றால் கூரையில் வட்டமாக ஒன்றை ஒட்டிவிட்டுப் போய்விடலாம். நானூறு பெண்கள் உட்கார்ந்து தைக்கிற, இருநூறு அடி நீளமும் முப்பது அடிக்கு மேல் உயரமும் உள்ள தகரக் கொட்டகைக்கு அது உதவாது. அங்கே பீம்தான். ஒரு பக்கச் சுவரில் ஒரு பெட்டி, எதிர்ப்பக்கச் சுவரில் ஒரு கண்ணாடிப் பட்டை. பெட்டி அனுப்பும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. அது பட்டையில் பட்டுத் திரும்பி வரும். நடுவில் புகை புகுந்தால் ஒளி மங்கும், மணி அடிக்கும். ஒளி பட்டையில் படாமல் விலகிப் போய்விட்டால் மணி அடிக்காது, மஞ்சள் விளக்குதான் எரியும். எனக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை என்று கருவி சொல்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஆலையே பற்றி எரிந்தாலும் அது வாயைத் திறக்காது.

இதைச் சத்யா தமிழில் சொல்லிப் பார்த்தாள், பர்மியத்தில் சொல்லிப் பார்த்தாள், காகிதத்தில் படம் போட்டும் சொல்லிப் பார்த்தாள். ஒருவர் காதிலும் ஏறவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது கத்துகிறது, கத்தினால் தொல்லை, அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை காலை மிங்கலா தாங்ஞுன்ட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, கசங்கி நசுங்கி வந்து சேர்ந்தவள் முதலில் பார்த்தது, பேனலின் மேல் போர்த்தியிருந்த ஒரு துண்டை. எடுத்துப் பார்த்தால், சத்தம் வரும் ஓட்டையில் வெட்டுத் துணியைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். தையல் ஆலையில் துணிக்கா குறைச்சல். காவலாளியைக் கேட்டால், காது வலிக்கிறது சயாமா என்று சிரித்தான். படித்த பெண்களை இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை, சொன்னதைக் கேட்பதுதான் இல்லை.

அவளுக்கு வயிற்றெரிச்சல் வருவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. மூன்றாவது வரிசையில், ஏழாவது மிஷினில், அவள் தங்கை மஞ்சுளா உட்கார்ந்து சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பெண்களும் செருப்பைக் கழற்றி மிஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலால்தான் மிதிப்பார்கள். அப்போதுதான் வேகம் காலுக்குத் தெரியும். மஞ்சுளா மட்டும் மூன்று வாரமாகச் செருப்பைக் கழற்றவில்லை. பீம் குருடாகக் கிடக்கும் வரைக்கும் செருப்போடு இரு, ஏதாவது கருகின வாசம் வந்தால் மணிக்காகக் காத்திருக்காமல் ஓடு என்று அக்கா சொல்லியிருந்தாள். செருப்போடு மிதித்ததில் தையல் கோணிக்கொண்டு போய், வரிசையை மேற்பார்க்கிற வரிசைக்காரியிடம் தினமும் பாட்டு வாங்கிக்கொண்டிருந்தாள் மஞ்சுளா.

ஒன்பது மணிக்கு முதலாளி கூப்பிட்டார். கார்த்திகேசன் நல்ல மனிதர்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர், தீபாவளிக்கு நானூறு பேருக்கும் இனிப்பு கொடுக்கிறவர். ஆனால் கருவி என்றால் பொறுமை கிடையாது. திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர் வருகிறார், தீ எச்சரிக்கை சரியாக இருக்கிறது என்ற சான்றிதழ் மேசை மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விடும் என்று அவர் பத்தாவது தடவையாகச் சொன்னார். ஆர்டர் போனால் மூன்று வரிசையை மூட வேண்டியிருக்கும், மஞ்சுளாவின் வரிசையும் சேர்த்து என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சான்றிதழைத் தட்டச்சடித்துத் தயாராக வைத்திருந்தார். சத்யாவின் கையெழுத்துக்கு மட்டும் கோடு காலியாக இருந்தது.

"அங்கதான் இருக்கணும்னு என்னம்மா பிடிவாதம்?" என்றார். "ஆபீஸ் வராந்தாவுல வையுங்க, இல்ல ஸ்டோர் பக்கம் வையுங்க. எங்க வச்சா அழாதோ அங்க வச்சுட்டுப் போங்க."

"புகை வந்தா அழுறதுக்குத்தான் முதலாளி அத வைக்கிறோம்," என்றாள் சத்யா.

அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. திரும்பி வரும்போது உள்ளுக்குள் பொருமிக்கொண்டே வந்தாள். வராந்தாவில் வைக்கச் சொல்கிறாரே, புகை என்ன வராந்தாவில் வரிசையில் நின்று வருமா. கொட்டகையில் எது எரிந்தாலும் புகை கூரையின் நடு உச்சிக்குத்தான் ஏறும். உச்சியை ஒட்டியும் வைக்க முடியாது. தகரம் காய்ந்து அனல் தேங்கி நிற்பதால், புகை அதற்குக் கீழேயே தட்டிப் பரவும். ஆகவே உச்சியிலிருந்து இரண்டடி கீழே, கொட்டகையின் நடுக்கோட்டில், கிழக்குச் சுவரின் நடுத்தூணில் பெட்டி, மேற்குச் சுவரின் நடுத்தூணில் பட்டை. இதைவிட்டால் வேறு இடமே கிடையாது. அவள் வரைந்ததும் அப்படித்தான். ஜூலையில், அடை மழையில் மாட்டி முடித்தபோது கச்சிதமாக வேலை செய்தது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மழை விட்டு, தடிஞ்யுட் விளக்குப் பண்டிகை வந்ததும்தான் இந்தச் சனியன் பிடித்தது.

அவளே ஏறிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஏறத்தான் விடவில்லை.

கிழக்குச் சுவரை ஒட்டி இருப்பது துணி வெட்டும் பிரிவு. அங்கே பதினைந்து ஆண்கள். அவர்கள் தலைக்கு மேல் ஒரு பெண் ஏறி நின்றால் ஆண்களுக்கு உள்ள மகிமை குறைந்துவிடுமாம். அது போதாதென்று, அதே நடுத்தூணில் ஆள் உயரத்துக்குப் புத்தர் மாடம் வேறு இருந்தது. பூவும் தண்ணீரும் வைத்து, கலர் கலராகச் சின்ன விளக்குகள் சுற்றியிருந்தார்கள். மேற்பார்வையாளர் ஊ வின் முதல் நாளே கை கூப்பாத குறையாகச் சொல்லிவிட்டார், சயாமா கீழே நின்று சொன்னால் போதும், ஏறுவதற்கு ஆண் ஆளை அனுப்புங்கள் என்று. பேன்ட்தானே போட்டிருக்கிறேன் என்றாள். பேன்ட் போட்டாலும் பெண்தானே என்றார். ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாதபோது ஏறுகிறேன் என்றாள். ஆள் இல்லாவிட்டாலும் ஃபயா இருக்கிறாரே என்று மாடத்தைக் காட்டினார். இதே ஊ வின் குடியிருப்பது ஆறு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். மேலே நான்கு மாடிகளிலும் பெண்கள் சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள், நடமாடுகிறார்கள். அப்போதெல்லாம் குறையாத மகிமை ஆலைக்குள் வந்ததும் குறைந்துவிடுகிறது. இதை அவரிடம் கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. பிழைப்பை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

ஆகவே அவளுக்காக ஏறி இறங்கியது சின்னத்தம்பி. டாலாவிலிருந்து தினமும் படகில் ஆற்றைத் தாண்டி வருகிற, ஐம்பது வயதுக்காரர். ஜூலையில் பெட்டியை மாட்டியதும் அவர்தான். சாரம் கட்டுவதில் கெட்டிக்காரர், கடவுள் பக்தி அதிகம், பேச்சு மிகக் குறைவு. மேலே என்ன அண்ணே நிலவரம் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில், எல்லாம் சரியாக இருக்கிறது. புறாக் கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். பார்த்தார், சரியாக இருக்கிறது. பட்டையைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தார், சரியாக இருக்கிறது. கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த கண்ணாடித் தகட்டுக்கு வெள்ளை அடிக்கச் சொன்னாள், ஜெனரேட்டர் கம்பியை மாற்றச் சொன்னாள். எல்லாம் செய்தார். பத்து மணிக்கு மஞ்சள் விளக்கும் தன் பாட்டுக்கு எரிந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று போனைக் கொடுத்து அனுப்பினாள். முதல் படத்தில் பெட்டி மட்டும் படம் முழுக்க இருந்தது. இரண்டாவதில் அவர் கட்டைவிரல். மூன்றாவதில் அவரே மேலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை முதலாளியிடமிருந்து திரும்பியதும் அவள் கிழக்குச் சுவரின் ஓரமாகப் போய் நின்றாள். மணி ஒன்பதரை. சுவர்த் தகரத்தில் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். தோசைக்கல் மாதிரி சுட்டது. காதை வைத்துக் கேட்டால், டக், டக் என்று தகரம் விரிகிற சத்தம். அவளுக்குச் சுருக்கென்றது. காலை வெயிலில் கிழக்குச் சுவர் இப்படிக் காய்ந்து முடிவது ஒன்பதரைக்கு. பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சிக்குப் போய்விடும், சுவர் ஆறிவிடும். மழைக்காலத்தில் வெயிலே இல்லை. தகரம் காய்ந்தால் வெளியே பிதுங்கும். அதில் எதையாவது மாட்டியிருந்தால் அதுவும் கூடவே திரும்பும். பெட்டி இங்கே அரை டிகிரி திரும்பினாலே போதும், இருநூறு அடி தள்ளி எதிர்ச்சுவரில் ஒளி ஒன்றே முக்கால் அடி விலகிப் போய்விடும். ஆனால் பெட்டி தகரத்தில் இல்லையே, தூணில் அல்லவா இருக்கிறது. இரும்புத் தூண் எந்த வெயிலுக்கு அசையும்? அண்ணாந்து பார்த்தாள். குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே, முப்பதடி உயரத்தில், இருட்டில் ஒரு சின்னப் பெட்டி. தூணில் இருப்பது போலத்தான் இருந்தது.

இனிமேல் கீழே நின்று மேலே பார்க்க அவளால் முடியாது. சக்கரச் சாரத்தின் பக்கம் போய், பேன்ட்டின் கால்களை மடித்துவிட்டுக்கொண்டாள். ஊ வின் ஓடி வந்தார். வெட்டுகிறவர்கள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஊ வின் முதலாளிக்குப் போன் போட்டு, அதை அவள் காதில் வைத்தார். சின்னத்தம்பியை ஏற்றுங்கள், இல்லையென்றால் ஸ்டோர் பக்கம் மாற்றிவிட்டுக் கையெழுத்தைப் போடுங்கள் என்றது போன். இரண்டும் முடியாது என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஊ வின்னிடம், இன்னும் கால் மணி நேரத்தில் மஞ்சள் விளக்கு எரியும், அப்போது நான் மேலே இருக்க வேண்டும், மகிமை குறையும் என்று பயப்படுகிறவர்கள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரட்டும் என்று பர்மியத்தில், பதினைந்து பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அவர்கள் போனார்கள். முணுமுணுத்துக்கொண்டு, லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு, பதினைந்து பேரும் வரிசையாகப் போனார்கள். சின்னத்தம்பியைக் காணவில்லை. இவர்களோடு சேர்ந்து அவரும் நழுவியிருந்தார். அப்புறம்தான் சத்யாவுக்கு உறைத்தது, சக்கரச் சாரத்தைப் பிடித்துக்கொள்ள நான்கு ஆளாவது வேண்டும். பிடிக்காமல் ஏறினால் ஆடும். தன் அவசரப் புத்தியை நினைத்து அவளுக்கே எரிச்சலாக வந்தது.

மூன்றாவது வரிசையில் ஒரு மிஷின் நின்றது. மஞ்சுளா எழுந்து வந்தாள், செருப்புச் சத்தத்தோடு. வரிசைக்காரி பின்னாலிருந்து கத்தினாள். மஞ்சுளா சாரத்தின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, தன் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து மிஷின் நின்றது, அதற்கடுத்ததும் நின்றது. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிய ஐந்தாறு பெண்கள் வெறுங்காலோடு வந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் கத்திக்கொண்டிருந்த வரிசைக்காரியும் வந்து ஒரு கம்பியைப் பிடித்தாள். அவர்கள் யாருக்கும் தலைக்கு மேல் யார் நின்றாலும் குறைய ஒன்றும் இல்லை.

சத்யா ஏறினாள். ஏற ஏற அனல் அடித்தது. மேல் தட்டில் நின்று பெட்டியைப் பார்த்தவளுக்கு முதலில் கண்ணில் பட்டது, அதன் நெற்றியில் இருந்த சந்தனப் பொட்டும் குங்குமமும். ஆயுத பூஜைக்குச் சின்னத்தம்பி வைத்தது. காய்ந்துபோன சாமந்திப் பூ ஒன்றும் செருகியிருந்தது. அட கடவுளே, இதுதானா காரணம் என்று பதறிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மனிதர் பொட்டைக்கூடக் கண்ணாடியில் படாமல் அவ்வளவு கவனமாக வைத்திருந்தார். பிறகு பெட்டியைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளைப் பார்த்தாள். நான்கும் தகரத்தில் இறங்கியிருந்தன. தூண் இரண்டடி தள்ளி, தேமே என்று நின்றுகொண்டிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகரம் டக் என்றது. கீழே பேனல் கத்த ஆரம்பித்தது. மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

இறங்கி வந்து சின்னத்தம்பியைத் தேடினாள். டீக்கடையில் சூடான லப்பெயே டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"தூணுலதான் தங்கச்சி ஓட்ட போடப் போனேன்," என்றார். "நேர் கீழ ஃபயா இருக்காரு. அவரு தலைக்கு மேல துளை போட மனசு வரல. ரெண்டடி தள்ளிப் போட்டேன்."

"இத ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"நீங்க தூண்ல இருக்கான்னு கேக்கலியே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சத்யாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை. மூன்று வாரமாகப் புறாவைக் கேட்டாள், வெயிலைக் கேட்டாள், ஜெனரேட்டரைக் கேட்டாள். பெட்டி எங்கே இருக்கிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. தான் வரைந்தால் அது அங்கேதான் இருக்கும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை வைத்துக்கொண்டு ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தாள்.

பெட்டியைத் தூணுக்கு மாற்ற வேண்டும் என்றதும் ஊ வின் குறுக்கே வந்து நின்றார். சின்னத்தம்பி செய்ததுதான் சரி, மாடத்துக்கு மேல் துளை போட விட மாட்டேன் என்றார். கூரையைப் போட்டவன் அதே தூணின் உச்சியில் இருபது போல்ட் முடுக்கியிருக்கிறானே என்று சத்யா கேட்டாள். அது கட்டடம், இது கருவி என்றார். இப்படியே பேசிப் பேசிப் பதினொரு மணியாகிவிட்டது. டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்து, சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பேனல் துண்டுக்கு அடியில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. யாரோ மறுபடியும் போர்த்திவிட்டிருந்தார்கள்.

அப்போது டோ மியா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். ஆலையைக் கூட்டிப் பெருக்கி, மாடத்துக்குத் தினமும் பூ மாற்றுகிறவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மாடத்தின் கிண்ணங்களில் தண்ணீரை நிரப்பிவிட்டு, என்ன சண்டை என்று கேட்டாள். சொன்னார்கள். அவள் ஊ வின்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மாடம் முன்பெல்லாம் அடுத்த தூணில்தானே இருந்தது என்றாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தூணில் இருந்த பிளக் பாயின்ட் எரிந்துபோய், சின்ன விளக்குகள் எரியாமல் போனதால், இந்தத் தூணில் பிளக் இருக்கிறதென்று ஊ வின்தான் தன் கையாலேயே மாற்றி வைத்தார் என்றாள்.

ஊ வின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பிளக். சத்யாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு பிளக்குக்காக மாடம் இந்தத் தூணுக்கு வந்து, மாடத்துக்காகப் பெட்டி தகரத்துக்குப் போய், பெட்டிக்காக நானூறு பேர் தினமும் இரண்டு மணி நேரம் உயிரை யாரை நம்பி வைத்திருந்தார்கள் என்பதே தெரியாமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பையைத் திறந்து ஒரு புதுப் பிளக்கை எடுத்தாள். எரிந்துபோனதைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தாள்.

டோ மியா புதுப் பூ வைத்து மூன்று முறை விழுந்து கும்பிட்ட பிறகு, ஊ வின்னே மாடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய தூணில் வைத்தார். விளக்குகள் எரிந்தன. சின்னத்தம்பி ஏறி நடுத்தூணில் துளை போட்டார். மாட்டி முடித்து இறங்கி, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சத்யா அதைக் கேட்டுக்கொண்டே சாரத்தில் கால் வைத்தாள். இந்தத் தடவை யாரும் டீ குடிக்கப் போகவில்லை. பெண்கள் வந்து பிடித்தார்கள். வெட்டும் பிரிவு ஆண்களில் ஒருவன், தரையைப் பார்த்தபடியே, ஒரு சக்கரத்தைக் காலால் மிதித்துக்கொண்டான். அவள் நான்கு திருகாணிகளையும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, சந்தனப் பொட்டை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். சான்றிதழில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை வெயில் ஏறட்டும் என்று முதலாளியிடம் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வெயில் கொளுத்தியது. ஒன்பதரை, பத்து, பத்தே கால். கிழக்குச் சுவர் டக் டக்கென்று விரிந்தது. மஞ்சள் விளக்கு எரியவில்லை. ஆய்வாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, சத்யா கொட்டகையின் நடுவில் புகைக் குப்பியைப் பற்ற வைத்தாள். புகை நிதானமாக ஏறி, உச்சிக்குக் கீழே தட்டிப் பரவியது. பத்து எண்ணுவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. மணி அடித்தது. காதைக் கிழிக்கிற மாதிரி அடித்தது. கொஞ்சம் மெதுவாக அடிக்கிற மாதிரி வைக்கக் கூடாதா என்று முதலாளி காதைப் பொத்திக்கொண்டு கேட்டது அவள் காதில் விழவே இல்லை.

நானூறு பெண்களும் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள். சத்யா முற்றத்தில் நின்று மூன்றாவது வரிசைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சுளா வந்தாள். வெயிலில் காய்ந்த சிமென்ட் தரையில் ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்துத் துள்ளிக்கொண்டு வந்தாள். காலில் செருப்பு இல்லை.

"செருப்பு எங்கடி?" என்று சத்யா கேட்டாள். மூன்று வார எரிச்சலும் அந்தக் கேள்வியில் இருந்தது.

"மிஷினுக்கு அடியில கெடக்கு. காலையிலயே கழட்டிட்டேன்."

"கழட்டாதன்னு சொன்னேன்ல."

"அது சும்மா கெடந்த மணிக்கு சொன்னது," என்றாள் மஞ்சுளா. "இது நீ ஏறிப் பாத்ததுதானக்கா."

பின்னால் முதலாளி சான்றிதழையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நின்றார். முற்றத்தில் வைத்து எழுத ஒரு மேசை இல்லை, பலகை இல்லை. சத்யா தங்கையைத் தோளைப் பிடித்துத் திருப்பி, ஆடாமல் நில்லு என்று அதட்டி, அவள் முதுகின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.